சம்மட்டிக்கு ஓய்வு நாள்

ஜாலான் புசாரில் நாங்கள் மாடியில் குடியிருந்த கடைவீட்டுக்கு நேர் எதிரே அந்த அம்மாள் சக்கரப் பட்டறை வைத்திருந்தார். ‘கூடாது’ என்பதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் சம்மட்டியால் சொல்வார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பட்டறையம்மா என்றால் தேக்கா மாட்டுக்கொட்டில்கள் வரைக்கும் தெரியும். முகத்துக்கு எதிரே நாங்கள் அத்தை என்போம். ஆள் உயரமில்லை. தோளும் முன்கையும் மட்டும் மூட்டை தூக்குகிற ஆம்பிளைக்கு இருப்பதுபோல இருக்கும். வெள்ளைப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை உலைக்கும் இரும்புப் பட்டடைக்கும் நடுவில் நிற்பார். துருத்தி ஊத ஒரு வயதான சீனர். அவர் பேசுகிற ஹொக்கியன் சீனமும் இந்த அம்மா பேசுகிற தமிழும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொள்ளும்.

முதலில் மாட்டு வண்டிச் சக்கரம். பிறகு ரிக்‌ஷா, பிறகு சைக்கிள். ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை முடிந்த பிறகு மோட்டார் சைக்கிள் சக்கரமும் வரத் தொடங்கியது. எது வந்தாலும் சோதனை ஒன்றுதான். அடிபட்ட வளையத்தில் தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்ப்பார். சற்று ஊறவிட்டுப் பழந்துணியால் பளிச்சென்று துடைப்பார். அதன்மேல் உலர்ந்த சுண்ணாம்புத் தூளைத் தூவுவார். இரும்பில் விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் கறுப்பாய் ஒரு கோடு போடும். கோடு விழவில்லையென்றால் கோணலை நிமிர்த்திக் கொடுத்துவிடுவார். விழுந்தால் உரியவரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். சக்கரத்தைப் பட்டடையில் கிடத்தி சம்மட்டியைத் தூக்கிவிடுவார். கொண்டு வந்தவர் ஐயையோ என்று எழுந்திருப்பதற்குள் சக்கரம் இரண்டாகியிருக்கும்.

இதனால் அவர் வாங்கிய அடி கொஞ்சமில்லை. ஒருமுறை ரிக்‌ஷாக்கள் வாடகைக்கு விடுகிற ஒருவர், தன் சக்கரம் உடைந்ததைப் பார்த்ததும் கையை மடக்கி அந்த அம்மாவின் வாயில் குத்தினார். பல் ஒன்று விழுந்தது. அதை உள்ளங்கையில் துப்பி ஒரு தரம் பார்த்துவிட்டுக் கீழே போட்டார் பட்டறையம்மா. பிறகு மூலையில் கிடந்த இரும்புப் பட்டைத் துண்டை எடுத்து, அந்த மனிதரைக் கடை முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதை முழுக்கத் துரத்தி அடித்தார். அவர் முதுகுச் சட்டை கிழிந்து ரத்தம் ஊறியதை மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். அடுத்த வாரம் அதே மனிதர் இன்னொரு சக்கரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

வந்துதான் ஆகவேண்டும். ஏனென்றால் ரிக்‌ஷா இழுப்பவர்கள், ‘பட்டறையம்மா பார்த்ததா?’ என்று கேட்காமல் கைப்பிடியைத் தொட மாட்டார்கள். உடையாமல் திரும்பி வந்த சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை.

ஒரு ரப்பர்த் தோட்டத்துச் சின்னத் துரை தன் மோட்டார் சைக்கிள் சக்கரத்தை ஆள் மூலம் அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் வந்தார். சக்கரம் துண்டாகிக் கிடந்ததைக் கண்டு கைப்பிரம்பால் அந்த அம்மாவின் கழுத்தில் வீசினார். இரண்டாம் முறை ஓங்கும்போது பட்டறையம்மா பிரம்பைப் பிடித்துப் பிடுங்கி, அதையும் பட்டடையில் வைத்து உடைத்தார். மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், வந்து அந்த அம்மாவைக் கூட்டிப்போனார்கள். விட்டதும் நடந்தே திரும்பி வந்தார். கழுத்தில் வரி தடித்துக் கிடந்தது. துருத்திக்காரரிடம் உலை அணைந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

என் அப்பா முனிசிபாலிட்டி மாட்டு வண்டி ஓட்டியவர். அவருடைய வண்டிச் சக்கரத்தையும் பட்டறையம்மா உடைத்திருக்கிறார். மறு சக்கரம் வரும்வரை அப்பாவுக்கு வேலை கிடையாது. வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். அப்பா ஆத்திரம் தாங்காமல் போய் அந்த அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தார். அவர் அப்பாவின் கட்டைவிரலைக் கடித்தார். இரண்டு பேரையும் பிரித்துவிட்ட துருத்திக்காரருக்கும் அடி விழுந்தது. ஆனால் என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, எங்கள் வம்சத்திலேயே முதல் முதலாக ஒருவன் சிலேட்டு தூக்குகிறான் என்று அப்பா வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லப்போன முதல் வீடு அந்தப் பட்டறைதான். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

சக்கரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது பட்டறையம்மா பார்க்க வந்தார். தூளிக் கயிற்றை ஏறிட்டுப் பார்த்தார். இடுப்பிலிருந்த வெற்றிலைக் கத்தியை எடுத்து, ஒரு கையால் குழந்தையை ஏந்திக்கொண்டு, மறு கையால் கயிற்றை அறுத்துவிட்டார். கயிற்றில் ஒரு புரி நைந்திருந்ததாம். அதைச் சொன்னால் நாங்களே மாற்றியிருக்க மாட்டோமா என்று அக்கா அழுதாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த அம்மாவைக் கண்டால் ஆகாது.

பட்டறை வாசலில் நாளும் சண்டை நடப்பதைப் பார்த்து எனக்கு மனம் கேட்கவில்லை. படித்தவன் என்ற முறையில் நம்மால் ஆனது என்று, ஒரு கள்ளிப்பெட்டிப் பலகையைத் தேய்த்து, ‘பழுதான சக்கரம் இங்கே உடைக்கப்படும்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் வர்ணத்தால் எழுதிக் கொண்டுபோனேன். முன்கூட்டியே தெரிந்தால் வருகிறவர்களுக்கு ஆத்திரம் குறையும் என்று விளக்கினேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். தலையாட்டினார். பலகையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு பிளவு ஓடியிருந்தது. முழங்காலில் வைத்து ஒடித்து உலைக்குள் போட்டுவிட்டார்.

“எழுத்து நல்லா இருந்திச்சிடா,” என்றார்.

புருஷன் சக்கரத்தில் சிக்கிச் செத்ததால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று தேக்காவில் ஒரு கதை உண்டு. யாரோ துணிந்து அவரிடமே கேட்டார்கள். “காய்ச்சல்ல போனான்,” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். காரணம் தேடி எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சந்தேகத்தோடு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க அவர் கையால் முடியாது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வாசலுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது என் மச்சானோடு. அக்காவின் கணவர் ஆறுமுகத்தைச் சொல்கிறேன். அதுவரை குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர். நாகூர்ப் பக்கத்து முதலாளி ஒருவர் மிளகும் பாக்கும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். ஜொகூருக்குப் படகு ஏறும் கிராஞ்சித் துறைக்குத் தபாலும் மாதிரிச் சரக்கும் கொண்டுபோக அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அவருடைய குதிரை லாயத்தில் இருந்த எல்லாரும் பயந்து ஒதுங்க, மச்சான் ஏறி உட்கார்ந்தார். அன்று முதல் எங்கள் தெருவில் அவருக்கு நடையே மாறிவிட்டது.

முதலாளியின் மருமகன் காசிம், என் வயதுக்காரன், அந்த வண்டிமேல் உயிரையே வைத்திருந்தான். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து மச்சானிடம் ஓட்டக் கற்றுக்கொள்வான். அக்கா சுட்ட தோசையை நின்றபடியே தின்பான். நல்ல பையன். ஆனால் அவன் ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றைக்கே மச்சானின் வேலை அந்தரத்தில் தொங்க ஆரம்பித்தது. சொந்தக்காரப் பையன் இருக்கும்போது முதலாளிக்கு இன்னொருவர் எதற்கு?

ஆயுத பூசைக்குச் சில நாள் முன்னால், சிராங்கூன் ரோடு திருப்பத்தில் குறுக்கே வந்த மாட்டு வண்டியின் சக்கரக் குடத்தில் மச்சான் மோதிவிட்டார். முன்சக்கரத்தில் கம்பிகள் வளைந்தன, வளையம் ஓரிடத்தில் உள்வாங்கியது. கம்பிகளை மச்சானே நிமிர்த்தினார். புது வளையம் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும், அதுவரை இதையே ஓட்டு என்றார் முதலாளி.

ஓட்டலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. மச்சானுக்கு அந்தக் கேள்வி தொண்டையில் சிக்கிய முள். பட்டறையம்மாவிடம் காட்டி, அவர் உடைத்துவிட்டால் வண்டி மாசக்கணக்கில் நிற்கும், இவர் திரும்பவும் லாயத்துக்குப் போகவேண்டும். காட்டாமல் ஓட்டினால் கழுத்து முறியலாம். பயந்து ஓட்ட மாட்டேன் என்றால் காசிம் ஓட்டுவான், அதோடு வேலையும் போயிற்று.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆயுத பூசையன்று பட்டறையில் கருவிகளை எல்லாம் கழுவி, சந்தனம் தடவி, சாமி படத்தின் முன்னால் அடுக்கிவிடுவார்கள். மறுநாள் காலை மறுபூசை செய்யும்வரை ஒருவரும் தொடக்கூடாது. சம்மட்டியும் அங்கேதான் கிடக்கும்.

“அன்னிக்கு அவங்க சக்கரத்தைப் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. வாயத் தொறந்து சொல்லித்தானே ஆகணும்?” என்று என்னிடம் சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தார். கெட்டிக்காரத்தனமாகத்தான் எனக்கும் பட்டது.

அன்று காலையில் மோட்டார் சைக்கிளுக்கும் பூசை நடந்தது. மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தவன் காசிம்தான். மச்சான் சக்கரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து, வளையத்தைச் சுற்றிச் சந்தனப் பொட்டு வைத்தார். எல்லாம் முடிந்து, சந்தனம் காய்ந்த பிறகு, வண்டியை உருட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்க அஞ்சடியில் கூட்டம் கூடிவிட்டது.

பட்டறையம்மா குளித்து, தலை ஈரத்தோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சாமி படத்தின் கீழே சம்மட்டி, இடுக்கி, உளி எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தன. கைம்பெண் கை படக்கூடாது என்று வருஷா வருஷம் துருத்திக்காரச் சீனர்தான் பொட்டு வைப்பார், தன் ஊதுபத்தியையும் கொளுத்தி வைப்பார். எண்ணெய்த் துணியும் சுண்ணாம்புச் சிரட்டையும் அந்த வரிசையில்தான் இருந்தன.

“அத்தை, சும்மா பார்த்துச் சொல்லுங்க,” என்றார் மச்சான்.

அந்த அம்மா உள்ளே சம்மட்டியைத் திரும்பிப் பார்த்தார். மச்சானின் முகத்தைப் பார்த்தார். பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தார். “நாள் பார்த்து வந்திருக்கே மாப்ளே,” என்றார். கூட்டமும் சிரித்தது.

பிறகு குனிந்து சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். உள்வாங்கிய இடம் வந்ததும் நிறுத்தினார். அங்கே ஒரு சந்தனப் பொட்டின் குறுக்கே மயிரிழைபோலக் கறுப்பாய் ஒரு கோடு ஊறியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதைத் துடைத்து, புதிதாய் எண்ணெய் போட்டு, சுண்ணாம்பு தூவிப் பார்த்திருப்பார். அன்று சிரட்டையைத் தொட முடியாது. சந்தனத்தையே நம்பினார்.

“ஓடாது,” என்றார்.

“கிராஞ்சி வரைக்கும் போய் வந்தாப் போதும், அத்தை. நாளைக்கு ஒரு நாள். கப்பல் தபால் இருக்கு.”

“காலையில கற்பூரம் காட்டினதும் கொண்டா. மீதியப் பேசிக்கலாம்.”

“கற்பூரம் காட்டறதுக்கு முந்தி நான் புக்கிட் தீமா தாண்டியிருப்பேன்,” என்றார் மச்சான். கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். கேட்டாயிற்று, சக்கரமும் தப்பியாயிற்று. வண்டியைத் திருப்பக் கைப்பிடியைப் பற்றினார்.

பட்டறையம்மா எழுந்தார். கிட்டே வந்து, கைப்பிடிமேல் இருந்த மச்சானின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். ஏதோ புத்தி சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். மச்சானும் அப்படியே நினைத்திருக்கவேண்டும், கையை இழுக்கவில்லை. மணிக்கட்டை இரும்புக் குழாயின் குறுக்கே வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு முறுக்கினார். பச்சைக் கழி முறிகிற சத்தம் கேட்டது. மச்சான் கத்தக்கூட இல்லை, மூச்சு மட்டும் விக்கியது. அப்படியே முழங்காலிட்டுச் சரிந்தார். வண்டி அவர்மேல் சாய்ந்தது.

“கருவிக்குத்தான் இன்னிக்கு ஓய்வு, மாப்ளே,” என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை.

அக்கா மாடியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியாது. கையில் அம்மிக் குழவி. முதல் அடி பட்டறையம்மாவின் தோளில் விழுந்தது. இரண்டாவது நெற்றியில். தோல் பிளந்து, ரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மூடியது. அவர் தடுக்கவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. நானும் அப்பாவும் சேர்ந்து அக்காவை இழுக்க வேண்டியிருந்தது. அவள் என் கையைப் பிராண்டிக்கொண்டே, என் புருஷன் சோத்தில் மண்ணைப் போட்டாயே, உன் கை அழுகிப்போகும் என்று சாபமிட்டாள்.

சாயங்காலம் காசிம் பார்க்க வந்தான். மச்சானின் கை பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் மச்சான் அவனிடம் வண்டியைத் தொடாதே என்றார், அந்த அம்மா ஓடாது என்று சொன்னதையும் சொன்னார். காசிம் தலையைச் சொறிந்தான்.

“மாமு கேட்க மாட்டாரு லா. பைய ஓட்டுறேன்,” என்றான்.

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்து வெகுநேரம் ஆகியிருக்காது, எதிரே மணி அடித்தது. சீனர் கற்பூரம் காட்டினார். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் பட்டறையம்மா சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் படிக்கட்டின் கீழே நின்றார். நெற்றியில் கட்டு. வண்டி நின்ற இடம் காலி. யார் எடுத்துப்போனது என்று கேட்டார். மேலிருந்து அக்கா, “காசிம். அவன் கையை ஒடிக்க மறந்துட்டியே,” என்றாள்.

நானும் மச்சானும் எலும்பு கட்டும் சீன வைத்தியரிடம் போய், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வந்தோம். புக்கிட் தீமா ரோடும் சிராங்கூன் ரோடும் சேருமிடத்தில், கால்வாய் ஓரம், பட்டறையம்மா நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறாராம். சம்மட்டித் தலை தரையில், கைப்பிடி உள்ளங்கையில். மாட்டு வண்டிக்காரர்கள் வைதுகொண்டே விலகிப் போனார்கள். கிராஞ்சியிலிருந்து வருகிறவன் இந்த வழியாகத்தான் வரவேண்டும்.

மச்சான் அவர் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகத்தான் நினைத்தார். அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. காசிம் வந்தான். போன வேலை முடிந்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. எங்களைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினான்.

பட்டறையம்மா நடுரோட்டுக்கு வந்தார். நில் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே விதத்தில், சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கினார்.

காசிம் கைப்பிடியை வெட்டித் திருப்பினான். முன்சக்கரம் சாலையை விட்டு இறங்கி, லோங்காங்கின் கருங்கல் விளிம்பில் அடித்தது. அந்தச் சாக்கடையைத் தாண்டி அவன் பறந்துபோய் விழுந்தான். வண்டி ஒரு குட்டிக்கரணம் போட்டு அவன் கால்மேல் விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, முழங்காலுக்குக் கீழே வெள்ளையாய் எலும்பு வெளியே வந்திருந்தது. காசிம் அதைப் பார்த்துவிட்டு, உம்மா என்று ஒரு தரம் கூப்பிட்டு மயங்கினான். வண்டியைத் தூக்க ஆட்கள் போதவில்லை. மச்சான் ஒற்றைக் கையால் தூக்கினார். சூடான இரும்பு அவர் உள்ளங்கையைப் பொசுக்கிய வாடை எனக்குத் தெரிந்தது.

காசிமை ஒரு மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. உடைந்த சக்கரத்தைப் பார்த்ததும், நேற்றே அம்மா சொன்னார்களே, ஓடாது என்று சொன்னார்களே என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். மச்சான்கூட, தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்து, “இல்லேன்னா நான்ல அங்க கெடந்திருப்பேன்,” என்றார். அந்த நிமிஷத்தில் பட்டறையம்மா வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் தெரு அவரைத் தெய்வமாக்கியிருக்கும்.

அவர் காசிமை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. இது என் மனதில் இன்னும் ஆறவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வளையத்தைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். கருங்கல்லில் பட்ட இடத்தில் அது பிளந்திருந்தது. அவர் காட்டிய கோடு அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அது அப்படியே இருந்தது.

“இங்க உடையல,” என்றார். யாருக்கும் விளங்கவில்லை. நன்றாகக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். “நான் சொன்ன இடத்துல உடையல. கிராஞ்சிக்குப் போயிட்டு வந்திருக்கு. தாங்கியிருக்கு.”

பிறகு எழுந்து, வளையத்தை லோங்காங் விளிம்பில் சாத்தி, அந்தக் கோட்டைக் குறிவைத்து அடித்தார். இரும்பு நெளிந்தது. கோடு வாய் திறக்கவில்லை. மறுபடி அடித்தார். நெற்றிக் கட்டு நழுவி ரத்தம் மூக்கில் வழிந்தது. துடைக்காமல் அடித்தார். வளையம் தகரம்போலத் தட்டையாகி மடிந்தது. விரிசல் என்று அவர் நினைத்த கோடு மட்டும் பிளக்கவே இல்லை. மேல்தோலில் விழுந்த வெறும் கீறல் அது. மாத்தாக்கள் வந்து சம்மட்டியைப் பிடுங்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

கோர்ட்டில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. சக்கரம் பழுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்றார்கள். பழுதில்லை, நான் குறுக்கே நின்றேன் என்றாராம். சிறைக்குப் போனார்.

அவர் இல்லாதபோது தெரு வேறு கணக்குப் போட ஆரம்பித்தது. இத்தனை காலமாக உடைத்தாரே, அவற்றில் எத்தனை உண்மையில் ஓடியிருக்கும்? உடைந்த சக்கரத்தை யார் ஓட்டிப் பார்த்தது? பல்லை உதிர்த்த ரிக்‌ஷாக்காரர் ஆட்களோடு வந்து பட்டறைக் கதவைப் பிளந்தார். கல் வீசினார்கள். சீனருக்கு மண்டை உடைந்தது. அப்பா மாட்டுச் சாட்டையை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். அந்த அம்மாவால் மரவள்ளிக்கிழங்கு தின்றவரே காவல் நின்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காசிமுக்கு ஒரு கால் போய்விட்டது. மாமனின் கடையில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் அந்த அம்மாவைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா குறுக்கே வராவிட்டால் வீடு வந்து சேர்ந்திருப்பேன் என்று, மழை வராவிட்டால் நனைந்திருக்க மாட்டேன் என்பதுபோலச் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

சிறையிலிருந்து வந்த பட்டறையம்மா, பிளந்த கதவைச் சேர்த்து ஆணி அடித்துவிட்டு உலையை மூட்டினார். ஆனால் உடைக்கவில்லை. கோடு விழாத சக்கரத்தை நிமிர்த்திக் கொடுத்தார். கோடு விழுந்ததை, உரியவர் எவ்வளவு கேட்டாலும் ஒன்றும் சொல்லாமல், சுவரோரம் சாத்தி வைத்தார். சுவரோரம் சக்கரங்கள் சேர்ந்துகொண்டே போயின. உடையுங்கள், இல்லாவிட்டால் கொடுங்கள் என்று சிலர் கத்தினார்கள். அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். தள்ளின இடத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி உலைக்குப் போனார்.

காசிமுக்குக் கால் போனபின் முதலாளிக்கு வேறு ஆள் இல்லை. இன்னொரு வண்டி வாங்கி, மச்சானையே கூப்பிட்டுக் கொடுத்திருந்தார். மச்சானின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருந்தது. அதை வைத்துக்கொண்டே ஓட்டினார். ஒருநாள் ரேஸ் மைதானம் பக்கம் பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் அடிபட்டது. அக்கா தடுத்தும் கேளாமல் அதைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார். சண்டை வந்தால் பிரிக்கவேண்டுமே என்று நானும் பின்னால் போனேன்.

அந்த அம்மா மச்சானின் கையைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்தார். துடைத்தார். சுண்ணாம்பு தூவினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளையில் மெல்லக் கறுப்பாய் ஒரு கோடு எழுந்தது.

“சொல்லுங்க, அத்தை,” என்றார் மச்சான்.

“தெரியல மாப்ளே.”

“தெரியலன்னா?”

“ஓடினாலும் ஓடும். எனக்குத் தெரியல.”

சக்கரத்தைத் தூக்கிச் சுவரோரம் சாத்தப் போனார். மச்சான் வழிமறித்து அதை வாங்கினார். சிறிது நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இது நின்றால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் வேலை நிற்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பிறகு அதைப் பட்டடையில் கிடத்தினார். சம்மட்டியை எடுத்தார். கோணல் கையால் ஓங்கும்போது முகம் வலியில் சுருங்கியது. அடி விழுந்தது. வளையம் விரிந்து, கம்பிகள் தெறித்தன. ஒரு கம்பி என் காதோரம் போய்ச் சுவரில் பட்டது. மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு சம்மட்டியைக் கீழே வைத்தார்.

பட்டறையம்மா குனிந்து பார்த்தார்.

“இன்னும் ஒண்ணு போடு,” என்றார். “பாதியில விட்டா எவனாவது எடுத்து ஓட்டிருவான்.”